உஷார்! புசுபுசு பூனைக்கு வயசாகிவிட்டதா? வாலைத் தூக்கிப் பாருங்கள்

ஐப்பசி பிறந்து, முத்தாலம்மன் திருவிழாவுக்குத் திண்டுக்கல் பக்கத்து அகரம் தயாராகிற நேரம்தான் நம் பக்கத்து ஈக்களுக்கும் கொண்டாட்டமான நேரம். தூறல் விட்டு வெயில் அடிக்கும். வெயில் சாய்ந்ததும் மறுபடி தூறும். தொழுவத்துச் சாணி காயாது, கொல்லைப்புற ஈரம் உலராது. இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் பத்து வயது தாண்டிய பெர்சியன் பூனையோ பெர்சியன் கலப்புப் பூனையோ இருந்து, அதன் பின்பக்க முடி மூத்திரத்தில் நனைந்தோ மலம் ஒட்டியோ கிடந்தால், அதை வெறும் அழுக்கு என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப் போடாதீர்கள். இன்று ஈ உட்கார்ந்த இடத்தில் நாளை புழு நெளியலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பூனை வளர்க்கிறவர்களுக்குள் மழைக்காலத்தில் போனில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, பூனை படுத்த எடத்துல ஒரே வாடை. ஈயா மொய்க்குது. குளிப்பாட்டி விட்டா சரியாயிருமா?"

"குளிப்பாட்டாத தம்பி. மொதல்ல வாலத் தூக்கிப் பாரு. முடிக்குள்ள வெள்ளையா எதுவும் ஒட்டியிருக்கா?"

"நொய்யரிசி மாதிரி கொத்துக் கொத்தா இருக்குண்ணே."

"வண்டிய எடு. டாக்டர்கிட்ட போ."

அந்த வெள்ளைக் கொத்து, ஈ முட்டை. பச்சையும் நீலமுமாக மினுங்குகிற பெரிய ஈ ஒன்று கறிக்கடைப் பக்கம் சுற்றுமே, அந்த வகைதான். ஈரமும் மலவாடையும் உள்ள முடி அதற்கு முட்டையிட வாகான இடம். நம் சூட்டில் முட்டை பொரிய 8 மணி நேரம் போதும், மிஞ்சினால் ஒரு நாள். இதில் இன்னொரு வகை ஈ இருக்கிறது. ஆடு மாடுகளின் புண்ணில் உயிருள்ள சதையையே துளைத்துக்கொண்டு உள்ளே போகும் புழு அதனுடையது. ஒரே தடவையில் நூற்றைம்பது முட்டைக்கு மேல் வைக்கும். ஆடு வளர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆட்டுக்கு வருவது வீட்டுக்குள் மெத்தையில் படுத்திருக்கும் பூனைக்கும் வரும் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதே இல்லை. பூனை சத்தம் போடாது. மேசைக்கு அடியில் போய் ஒதுங்கிக்கொள்ளும். "வயசாயிருச்சு, தூங்கட்டும்" என்று நாமும் விட்டுவிடுவோம். அடர்ந்த முடி மேலே மூடியிருப்பதால் புண் கண்ணுக்கே தெரியாது. தெரிகிறபோது தோல் சல்லடையாகியிருக்கும்.

பூனைதான் நாள் முழுக்க நக்கி நக்கிச் சுத்தமாக இருக்குமே, அதற்கு ஏன் இந்த நிலைமை என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்ற இருவர் பூனை நாக்கை ஸ்கேன் செய்து ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூனை நாக்கில் இருக்கிற முட்கள் வெறும் முட்கள் அல்ல, நுனி குழிந்தவை. வாயிலிருந்து எச்சிலை ஏந்திப்போய் முடிக்கு அடியில் தோல்வரை சேர்க்கின்றன. வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை இதே அமைப்புதான். நக்கும்போது முடி அமுங்கும், முள் தோலைத் தொடும். அந்தக் கணக்கில் தேறாமல் போனது ஒரே ஒரு பூனை: பெர்சியன். அதன் முடி அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு நீளம். எவ்வளவு அமுங்கினாலும் நாக்கு முள் தோலை எட்டுவதில்லை.

அதாவது, வாலிப வயதிலேயே இந்தப் பூனையால் தன்னை முழுசாகச் சுத்தம் செய்துகொள்ள முடிந்ததில்லை. மனிதன் பார்த்துப் பார்த்துச் சேர்க்கை செய்து வளர்த்த அழகு அது. அந்த அழகைப் பராமரிக்கிற வேலையும் மனிதன் தலையில்தான். வயதானதும் மிச்சமிருந்த பாதி வேலையும் நம்மிடம் வந்து சேர்கிறது.

"எங்க வீட்ல இருக்கறது பெர்சியன் இல்லீங்க, நாட்டுப் பூனைதான், கொஞ்சம் முடி ஜாஸ்தி" என்பவர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். நீள முடிக்குக் காரணமான மரபணு ஒடுங்கிய நிலையில் தலைமுறைகளைத் தாண்டும். தாயும் தகப்பனும் குட்டை முடியாக இருந்தாலும் குட்டி புசுபுசுவென்று பிறக்கும். திண்டுக்கல் டவுனிலிருந்து தாடிக்கொம்பு, அகரம் வரை பெர்சியன் கிராஸ் குட்டிகள் கைமாறி வருவதில் எது எந்த வழி என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. முடி நீளமா, வயது பத்துக்கு மேலா, அவ்வளவுதான் கேள்வி. பூனைக்குப் பத்து வயது என்றால் மனிதக் கணக்கில் ஐம்பத்தாறு. பதினைந்து என்றால் எழுபத்தாறு.

எழுபத்தாறு வயதில் குனிந்து கால் நகம் வெட்ட எத்தனை பேரால் முடியும்? அதேதான் இங்கும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பன்னிரண்டு வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. நாயைப் போல் பூனை நொண்டிக் காட்டாது. மதில்மேல் தாவுவதை நிறுத்திவிடும். கட்டிலுக்கு ஒரே தாவாகப் போகாமல் முதலில் ஸ்டூல், அப்புறம் கட்டில் என்று ஏறும். உடம்பை வளைத்து இடுப்பையும் வாலடியையும் நக்குவது வலிக்கும், அதனால் நக்காது. முதுகின் பின்பாதியில் முடி திட்டுத் திட்டாக எழும்பி எண்ணெய்ப் பிசுக்காகத் தெரிகிறதென்றால் அது சோம்பேறித்தனம் இல்லை, மூட்டு வலி.

வலி மட்டும் காரணம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. பல்லும் ஈறும் கெட்டிருந்தால் நக்கவே நக்காது. எச்சில் வழிந்து தாடையும் நெஞ்சும் நனைந்து நாறும். சிறுநீரகம் பழுதானால் தண்ணீர் நிறையக் குடிக்கும், மூத்திரம் நிறையப் போகும், பின்னங்கால் முடியெல்லாம் ஈரமாகும். பெர்சியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருகிற பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சர்க்கரை வியாதி, தைராய்டு எல்லாம் பூனைக்கும் வரும். ஆகவே பூனை திடீரென்று அழுக்காகத் தொடங்கினால், சீப்பை எடுப்பதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். வயசு ஒரு நோய் இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். ஈயும் அழுக்கும் பாதிதான். பல பூனைகள் நாம் பாசத்தோடு செய்கிற வைத்தியத்தில் சாகின்றன.

நம் ஊரில் ஆட்டுப் புண்ணில் புழு வைத்தால் என்ன செய்வோம்? வேப்பெண்ணெயில் கற்பூரம் கலந்து விடுவோம். சிலர் டர்பன்டைன், சிலர் பினாயில். ஆடும் மாடும் தாங்கும். பூனை தாங்காது. காரணம் ஈரலில் இருக்கிறது. நம் உடம்பிலும் மாட்டு உடம்பிலும் பினால் வகை நஞ்சுகளையும் சில மருந்துகளையும் உடைத்து வெளியேற்றுகிற ஒரு நொதி ஒழுங்காக வேலை செய்கிறது. பூனை இனத்தில் அதற்கான மரபணு பழுதாகி எத்தனையோ காலம் ஆகிறது. பூனை நம்மைப் போல சைவமும் அசைவமும் கலந்து தின்னும் பிராணி இல்லை. செடிகளில் உள்ள நஞ்சைச் சமாளிக்கும் தேவை அதற்கு வரவில்லை, அந்த நொதியும் போய்விட்டது என்பது விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம். காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு இதுதான்: கற்பூரம், டர்பன்டைன், பினாயில், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், பாச்சை உருண்டை ஆகிய எதுவும் பூனை உடம்பில் படக் கூடாது. தோலில் தடவினால்கூட நக்கி உள்ளே இறக்கிக்கொள்ளும். கிருமிநாசினி என்று நாம் முழங்காலில் காயம் பட்டால் ஊற்றுகிறோமே, தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் அந்தத் திரவம், அதுவும் பினால் வகைதான். அதைப் போட்டுப் பூனையைக் கழுவுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப இருக்கிறது. நிறுத்துங்கள்.

பினாயில் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயதான பூனை மணல் தட்டை விட்டு வெளியே மூத்திரம் போய்விடுகிறது. வீட்டில் வாடை. விருந்தாளி வருகிற நாள். வழக்கமாக ஒரு மூடி விடுகிற இடத்தில் மூன்று மூடி விட்டுத் தரையைத் துடைக்கிறோம். தரை காய்வதற்குள் பூனை வந்து குளிர்ச்சிக்கு அங்கேயே படுக்கிறது. பாதத்தில், வயிற்று முடியில், வாலில் எல்லாம் ஒட்டுகிறது. நக்குகிறது. தரை துடைக்கிற திரவங்கள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பொருள் இருக்கும். பூனையின் நாக்கிலும் வாயிலும் அது புண் உண்டாக்கும். புண் வந்த வாயால் நக்க முடியாது, தின்ன முடியாது. நக்காததால் இன்னும் அழுக்கு. அழுக்கு கூடுவதால் இன்னும் நாலு மூடி பினாயில். இந்தச் சுழலில் மாட்டிய பூனைக்கு யாரும் விஷம் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அது விஷத்தில்தான் சாகிறது. வயதான பூனை இருக்கிற வீட்டில் வெந்நீரும் சாதாரண சோப்புத் தண்ணீரும் போட்டுத் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் ஒரு தடவை. காய்ந்த பிறகு பூனையை விடுங்கள்.

உண்ணி மருந்து அடுத்த எமன். தொழுவத்தில் மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கிற மருந்து பாட்டில் இருக்கும். "ரெண்டு சொட்டு விட்டுப் பூனைக்கும் தேச்சு விடு" என்று யாராவது பெரியவர் சொல்வார். அந்த மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின். நாய்க்குக் கழுத்தில் விடும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின். மூன்றும் ஒரே குடும்பம், மூன்றும் பூனைக்கு ஆகாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், தோல் துடிக்கும், அப்புறம் உடம்பே உதறி வலிப்பு வரும். பாட்டிலில் நாய் படம் மட்டும் போட்டிருந்தால் அது நாய்க்கு மட்டும்தான். தெரியாமல் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரால் வெதுவெதுப்பாகக் கழுவித் துடைத்து, மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஐவர்மெக்டின் ஊசியை மாட்டுக் கணக்கில் பூனைக்குப் போடும் ஆட்களிடமும் பூனையை நீட்டாதீர்கள். மூட்டு வலிக்கிறதே என்று நம் காய்ச்சல் மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலக்கிறவர்களும் உண்டு. ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஒன்றே ஒன்று.

சரி, கத்திரிக்கோல். சிக்கு விழுந்த முடியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை அதற்குத்தான் போகிறது. அக்குளில், காதுக்குப் பின்னால், தொடை இடுக்கில் முடி திரண்டு கெட்டியாகி ஒரு சடைபோல ஆகியிருக்கும். அதை விரலால் இழுத்துப் பாருங்கள். கூடவே தோலும் எழும்பி வரும். வயதான பூனையின் தோல் காகிதம்போல மெலிந்து, நெகிழ்வு இழந்து போயிருக்கும். சடை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முடி என்று நினைத்து வெட்டினால் தோல் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்துகொள்ளும். தையல் போட மயக்க மருந்து, மயக்க மருந்து தாங்கச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்... ஒரு கத்திரிப்பில் எங்கே போய் நிற்கிறோம் பாருங்கள்.

சிக்கைக் கண்டதும் குளிப்பாட்டுவதும் தப்பு. தண்ணீர் பட்டால் சிக்கு இன்னும் இறுகும், உள்ளே ஈரம் நிற்கும், தோல் வெந்து புண்ணாகும். சின்னச் சிக்காக இருந்தால் கொஞ்சம் சோளமாவைத் தூவி விரலால் நிமிண்டி நிமிண்டிப் பிரியுங்கள். முகத்துக்குப் போடும் பவுடர் வேண்டாம், மூக்கு சப்பையான பூனை அதைச் சுவாசித்தால் கஷ்டம். பிரிந்த பிறகு அகலப்பல் ஸ்டீல் சீப்பு. சிக்கின் அடிப்பகுதியை, தோலுக்கும் சிக்குக்கும் நடுவில், ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இழுக்கிற வலி தோலுக்குப் போகாது. நுனியில் தொடங்கி அடிக்கு வர வேண்டும், அடியிலிருந்து நுனிக்கு அல்ல. நீளமுடிப் பெண் பிள்ளைகளுக்குத் தலை சிக்கெடுக்கிற அம்மாக்களுக்கு இது கைவந்த வேலை. ஒரே மூச்சில் உடம்பு முழுக்க வேண்டாம். இன்று கழுத்தும் அக்குளும், நாளை தொடை. பூனை வாலை ஆட்டத் தொடங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். இரும்புபோல இறுகிய சிக்கு, வயிறு முழுக்கப் போர்வைபோல ஒட்டிய சிக்கு என்றால் அது வீட்டு வேலை இல்லை. மருத்துவரிடம் மின் டிரிம்மரால்தான் எடுக்க வேண்டும்.

பின்பக்க முடியை மட்டும் டிரிம்மரால் குட்டையாக வெட்டி வைத்துக்கொள்வது வயதான பூனைக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம். வாலடி, ஆசனவாயைச் சுற்றி, தொடையின் உள்பக்கம். இதைச் செய்யாததால் வருகிற இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. மலம் முடியில் ஒட்டிக் காய்ந்து, அடுத்தடுத்து ஒட்டி, ஆசனவாயையே மூடிவிடும். பூனை தட்டில் போய் முக்கும், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். அடைப்பு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஊறவைத்து ஊறவைத்து எடுக்க வேண்டும். பிய்த்தால் தோலும் வரும்.

தினசரிச் சுத்தத்துக்கு அதே துணியும் அதே வெதுவெதுப்பான நீரும் போதும். குழந்தைகளுக்கான வாசனை ஈரத்தாள் வேண்டாம். அரப்பு, சீயக்காய் வேண்டாம். கண்ணில் பட்டால் எரியும், நக்கினால் வாந்தி. தேங்காயெண்ணெய் தடவி மினுமினுப்பாக்குவதும் வேண்டாம். தூசி ஒட்டும், நக்கினால் வயிறு இளகும், பழைய கதை மறுபடி தொடங்கும். பின்பாதியை மட்டும் கழுவ வேண்டி வந்தால் உச்சிவேளையில் கழுவி, துண்டால் ஒற்றி ஒற்றி உலர்த்தி, காற்றுப் படாத அறையில் விடுங்கள். சாயங்காலத்தில் கழுவி ஈரத்தோடு விட்டால் கொசுவுக்கும் ஈக்கும் நாமே அழைப்பு வைத்த மாதிரி.

கால் நகத்தையும் பாருங்கள். வயதான பூனை நகத்தைக் கீறித் தேய்ப்பதைக் குறைத்துவிடும். நகம் தடித்து, வளைந்து, வட்டமாகத் திரும்பி அதன் பாதத்துக்குள்ளேயே குத்தி நிற்கும். உள்ளங்காலை மூடிய முடி அதை மறைத்துவிடும். அந்தப் பாதத்தோடு தட்டுக்கு நடந்து போய், மண்ணைத் தோண்டி, மூடி... போகாது. பாயிலேயே இருந்துவிடும். பூனை "கெட்ட பழக்கம் பழகிவிட்டது" என்று திட்டு வாங்குவதில் பாதி இந்த ரகம்.

தட்டின் உயரம் இன்னொரு பாதி. கடையில் விற்கும் தட்டுகள் இளம் பூனைக்கானவை. மூட்டு வலிக்காரப் பூனை அதில் காலைத் தூக்கி வைக்காது. பழைய பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தை மூன்று விரல் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கி வையுங்கள். பெரிய டப்பாக இருக்க வேண்டும், பூனை உள்ளே முழுதாகத் திரும்ப வேண்டும். குவாரி எம்-சாண்ட் போடாதீர்கள், தூள் ஈர முடியில் சிமெண்டுபோல் ஒட்டும். சலித்த கரட்டு மணல் தேவலாம். டைல்ஸ் தரையில் தட்டுக்குப் போகும் வழியில் ஒரு சாக்கோ கோணியோ விரித்து வையுங்கள், வழுக்காது. வீடு இரண்டு மாடி என்றால் மாடிக்கு ஒரு தட்டு. காசு அதிகம் ஆகாத வேலை இதெல்லாம்.

டவுனில் செல்லப்பிராணிக் கடைகளில் முடி வெட்டிவிடுகிறார்கள். கொண்டுபோகலாம். ஆனால் பூனையை விட்டுவிட்டு "ஒரு மணி நேரத்தில் வந்து வாங்கிக்கிறேன்" என்று பிரியாணி சாப்பிடப் போகாதீர்கள். கூடவே நில்லுங்கள். டிரிம்மர் பிளேடு ஓட ஓடச் சூடாகும், அந்தச் சூடு மெல்லிய தோலைச் சுட்டுவிடும். இடையிடையே அவர் பிளேடைத் தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சூடான காற்று ஊதும் பெட்டிக்குள் அடைத்து உலர்த்துகிறோம் என்றால் வேண்டாமென்று பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மூக்குச் சப்பையான பூனை அந்தப் பெட்டிக்குள் வெப்பத்தில் மூச்சுத் திணறிச் செத்துவிடக்கூடும். பங்குனி, சித்திரையில் திண்டுக்கல் சமவெளியில் வெயில் 40 டிகிரியை எட்டும்போது வீட்டிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. சிக்கு விழுந்த முடி காற்றை உள்ளே விடாது. பூனை நாயைப்போல வாயைத் திறந்து இளைத்தால் அது அவசரம், வேறு யோசனை வேண்டாம். மயக்க ஊசி போட்டு முடி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், "ரத்தப் பரிசோதனை எடுத்துட்டுப் போடலாமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். கடையில் மயக்க ஊசி போடுகிறேன் என்றால், அந்த இடமே தப்பு.

வலியில் இருக்கும் பூனை கடிக்கும். உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கமாக இருந்தாலும் கடிக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். "வீட்டுப் பூனைதானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், மேலே புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். பூனை உடம்பில் வட்டமாக முடி கொட்டியிருந்தால் குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். படர்தாமரையாக இருக்கலாம், அது மனிதருக்கு ஒட்டும்.

புழுவே வைத்துவிட்டது என்றால்? எதையும் ஊற்றாதீர்கள். சுத்தமான துண்டில் சுற்றி, ஈ புகாத கூடையில் வைத்து, அப்படியே கிளம்புங்கள். முட்டை மட்டும் என்றால் பேன் சீப்பால் சீவி எடுத்துக்கொண்டே கிளம்பலாம். 1962 என்ற எண்ணில் கூப்பிடும் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்று காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது முக்கியமாக ஆடு மாடுகளுக்காக வந்த ஏற்பாடு. பூனையை மடியில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பது நல்லதல்ல. அகரத்திலிருந்து திண்டுக்கல் டவுன் பக்கம்தான். பெரிய சிகிச்சை தேவை என்றால் தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல் கல்லூரி அதைவிடப் பழையது.

இவ்வளவும் யாருக்கு முடியும் என்று கேட்டு, நாறுகிற கிழட்டுப் பூனையைச் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே குடகனாற்றுப் பக்கமோ கோயில் மண்டபத்திலோ விட்டுவிட்டு வருகிற ஆட்களும் இருக்கிறார்கள். குட்டியாக இருந்தபோது ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள்தான். பட்டினியில் தவிக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நீளமுடிப் பூனைக்கு வெளியே இரை பிடிக்கத் தெரியாது, நாயிடம் தப்பிக்கத் தெரியாது, மழைக்கு ஒதுங்கத் தெரியாது.

திருவிழா, தீபாவளி என்று அடுத்தடுத்து விடுமுறை வரப்போகிறது. கிளினிக்குகள் பூட்டியிருக்கும், போன் எடுக்க மாட்டார்கள். ஆகவே இப்போதே, பூனை நன்றாக இருக்கும்போதே, பூனை பார்க்கும் கால்நடை மருத்துவர் இரண்டு பேரின் எண்ணை விசாரித்து வாங்குங்கள். பூனை பார்ப்பாரா, விடுமுறையில் எடுப்பாரா என்று கேட்டே வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.